மாமியார் முகத்தில் கருமை: செயலி சொல்லும் 82 சதவீதத்தை நம்பலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்தில் இருக்கிறீர்கள். உங்கள் மாமியாருக்கு வயது 58. கொஞ்ச காலமாக இரண்டு கன்னத்திலும் நெற்றியோரத்திலும் கருமை படர்ந்துகொண்டே வருகிறது. செல்போன் செயலி ஒன்றில் படம் எடுத்துப் போட்டதும் 'மங்கு, 82 சதவீதம்' என்று வந்தது (மங்கு என்பது முகத்தில் பழுப்புத் திட்டாகப் படரும் மெலாஸ்மா). பக்கத்து கிளினிக்கில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள், ஆனால் தேதி கிடைக்க மாதக்கணக்கில் ஆகும். அதே கிளினிக்கில் ஓர் ஆராய்ச்சிக் குழு, கணினிக்குத் தோல் நோய்களைக் கற்றுக்கொடுப்பதற்காக அவர் முகத்தைப் படம் எடுக்க அனுமதி கேட்டு ஒரு படிவம் கொடுத்திருக்கிறது. செயலி சொன்னதை வைத்து மங்கு கிரீம் வாங்கலாமா, படிவத்தில் கையெழுத்துப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் பட்டவரை இரண்டும் ஒரே சந்தேகம்தான்: எங்கேயோ, யாருடைய தோலையோ பார்த்துக் கற்ற கருவிக்கு நம் தோல் தெரியுமா?

நான் மதுரையில் படித்த தோல் மருத்துவர். பல ஆண்டுகளாக டர்பனில்தான் வேலை. கிளினிக்குகளிலிருந்து டாக்டர்களும் சிஸ்டர்களும் அனுப்பும் படங்களைப் பார்த்துக் கருத்துச் சொல்வதும் என் வேலையில் ஒரு பகுதி. கணினி நிரல் எழுதத் தெரியாது. அந்த ஆய்வுகளை நோயாளியைப் பார்க்கிறவன் படிக்கிற முறையில் படிக்கிறேன். சுருக்கமான பதில் இது: செயலியை நம்பிக் கிரீம் வாங்க வேண்டாம். படிவத்தில், சில கேள்விகளுக்குச் சரியான பதில் கிடைத்தால், கையெழுத்துப் போடலாம், போடுவது நல்லது என்பது என் கருத்து. உங்கள் மாமியாருக்கு என்ன நோய் என்பதை இங்கிருந்து நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஏன் அவசரப்படக் கூடாது என்பதை விரிவாகச் சொல்ல முடியும்.

முதலில் அந்த 82. அதைப் பார்த்ததும் 'நூறு பேருக்கு இப்படி இருந்தால் 82 பேருக்கு மங்குதான்' என்று யாருக்கும் தோன்றும். அது அப்படிப்பட்ட எண் அல்ல. இந்த வகைச் செயலிகளில் பெரும்பாலானவை, தங்களுக்குக் கற்றுக்கொடுத்த நோய்களின் பட்டியலுக்குள் மொத்தம் நூறு வருமாறு பங்கு பிரித்துக் கொடுக்கின்றன. பட்டியலில் இல்லாத நோய்க்குப் பங்கே கிடையாது. நீங்கள் ஒரு செருப்பின் படத்தைப் போட்டாலும், அதைத் தள்ளிவிடத் தனி ஏற்பாடு இல்லாத செயலி, தோல் நோய்களுக்குள் எதையாவது பெரிய எண்ணோடு சொல்லும். ஆகவே உங்கள் மாமியாருக்கு இருப்பது மங்கைப் போலவே தெரியும் வேறொன்றாக இருந்து, அது அந்தப் பட்டியலில் இல்லாவிட்டால், 'தெரியவில்லை' என்று சொல்லக்கூட அந்தச் செயலிக்கு வழி இல்லை. மங்கு என்றுதான் சொல்லும், அதுவும் திடமாகச் சொல்லும்.

அடுத்து, அது எங்கே கற்றது என்ற கேள்வி. 2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 1,29,450 படங்களைக் காட்டிப் பழக்கிய ஒரு நிரல், தோல் புற்றுநோயைப் படத்தில் கண்டுபிடிப்பதில் 21 தோல் மருத்துவர்களுக்கு இணையாக நின்றது. எங்கள் துறையில் இந்தப் பேச்சு சூடு பிடித்தது அப்போதுதான். அது நல்ல ஆய்வு, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்த ஆயிரக்கணக்கான ஆய்வுகளும் செயலிகளும் யாருடைய தோலில் பயின்றன என்று எண்ணிப் பார்த்தவர்கள் சொன்னதுதான் நமக்கு முக்கியம். 2022இல் 'லான்செட் டிஜிட்டல் ஹெல்த்' இதழில் வந்த கணக்கு இது: யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய 21 படத் தொகுப்புகள், மொத்தம் 1,06,950 படங்கள். அவற்றில் தோலின் நிறவகை குறிக்கப்பட்டிருந்தது 2,436 படங்களுக்கு மட்டுமே. அந்த 2,436இல் பழுப்புத் தோல் 10 படம். ஆழ்ந்த பழுப்பு அல்லது கறுப்புத் தோல் ஒரே ஒரு படம். மிக அதிகமாகப் பயன்படும் தொகுப்புகளில் ஒன்றின் 10,015 படங்களும் ஆஸ்திரியாவின் வியன்னாவிலும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலும் சேர்த்தவை. வெள்ளைத் தோலும் கடும் வெயிலும் சேர்ந்து தோல் புற்றுநோய் அதிகமாக வரும் இடம் குயின்ஸ்லாந்து. அவர்களுக்கு அது தேவை, சேர்த்தார்கள். அந்தப் படங்களில் பயின்றதை அப்படியே கொண்டுவந்து சாட்ஸ்வர்த்தில் ஒரு தமிழ்ப் பெண்ணின் கன்னத்தில் வைத்துப் பார்ப்பதுதான் பிரச்சினை.

'படம் குறைவு, அதனால் கொஞ்சம் தடுமாறும், அவ்வளவுதானே' என்று நினைக்கலாம். அதையும் அளந்திருக்கிறார்கள். 2022இல் 'சயன்ஸ் அட்வான்சஸ்' இதழில் வந்த ஆய்வில், பயாப்சி (சிறு சதைத்துண்டை எடுத்துச் சோதிப்பது) செய்து உறுதியான 656 படங்களை, வெளிர் தோலும் கருந்தோலும் கலந்து, அன்றைக்குப் பெயர்பெற்ற நிரல்களுக்குக் கொடுத்தார்கள். தங்கள் சொந்தச் சோதனையில் பெற்ற மதிப்பெண்ணிலிருந்து எல்லாமே கணிசமாக இறங்கின. கருந்தோலில் இன்னும் மோசம். அதே ஆய்வில் இன்னும் இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, படத்தைப் பார்த்து 'இது இந்த நோய்' என்று கணினிக்குப் பெயர் சொல்லிக்கொடுக்கும் தோல் மருத்துவர்களும் கருந்தோல் படங்களில் அதிகம் தவறினார்கள். குறை கணினிக்குள் பிறந்ததல்ல, எங்களிடமிருந்து போனது. இரண்டாவது, அந்தக் கலப்புப் படங்களையே கொடுத்து மறுபடி பயிற்றுவித்தபோது வெளிர் தோலுக்கும் கருந்தோலுக்கும் இடையிலான வித்தியாசம் மறைந்தது. படிவத்தைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டாவது விஷயத்துக்குத் திரும்ப வருகிறேன்.

இவை எப்படித் தடம் மாறுகின்றன என்பதற்கு எங்கள் துறையில் அடிக்கடி சொல்லும் ஓர் உதாரணம் உண்டு. சந்தேகமான மச்சத்தைப் படம் எடுக்கும்போது டாக்டர் பக்கத்தில் அளவுகோல் வைப்பார், சாதாரண மச்சத்துக்கு வைக்க மாட்டார். அப்படிப்பட்ட படங்களில் பயின்ற நிரல், அளவுகோல் இருந்தால் புற்றுநோய் என்று சொல்லும் பக்கம் சாய்ந்தது. தோலில் பேனாவால் போட்ட குறியும் இதே குழப்பத்தை உண்டாக்கும் என்று 2019இல் ஜெர்மனியில் காட்டினார்கள். உங்கள் வீட்டு விஷயத்தில் பேனா குறி இல்லைதான். ஆனால் நடுவயதுப் பெண், கன்னம், பழுப்பு நிறம் ஆகிய மூன்றும் சேர்ந்தாலே 'மங்கு' என்று சொல்லிப் பழகிய செயலியாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

சரி, மங்கு இல்லாவிட்டால் வேறு என்னவாக இருக்கும்? டர்பனில் நம் பெண்களின் முகக் கருமையில் நான் ஒவ்வொரு முறையும் வேறுபடுத்திப் பார்க்கும் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, எனக்கு அதிகம் கவலை தருவது, ஓக்ரோனோசிஸ். ஹைட்ரோகுவினோன் என்ற, தோலை வெளுக்கும் ரசாயனம் கலந்த கிரீமை நீண்ட நாள் தடவுவதால் வரும் கருமை இது. வெளுக்கத் தடவியதே கருக்கச் செய்யும். 1975இல் பிரிட்டோரியாவில் ஃபிண்ட்லேயும் கூட்டாளிகளும் இதை முதலில் எழுதினார்கள், நோயாளிகள் எல்லாம் இந்த நாட்டுப் பெண்கள். அழகுசாதனங்களில் ஹைட்ரோகுவினோனைத் தென்னாப்பிரிக்கா 1990இல் தடை செய்தது. உலகில் முதலில் செய்த நாடு இதுதான். தடைக்குப் பிறகும் கள்ளத்தனமாக வரும் டப்பாக்கள் நடைபாதையில் கிடைக்கின்றன. அவற்றில் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றாக இருக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது. 2015இல் டர்பன் பேராசிரியர் என்கோசா டிலோவாவின் குழு வெளியிட்ட ஆய்வில், ஆப்பிரிக்கப் பெண்களும் இந்திய வம்சாவளிப் பெண்களுமாக 600 பேரைக் கேட்டபோது ஏறத்தாழ மூன்றில் ஒருவர் தோலை வெளுக்கும் கிரீம் பயன்படுத்தியதாகச் சொன்னார்கள். இப்போது யோசித்துப் பாருங்கள். மங்குக்கு டாக்டர்கள் எழுதும் கிரீம்களில் முக்கியமானதும் ஹைட்ரோகுவினோன்தான். மங்குக்கு அளவோடு, காலக்கெடுவோடு தந்தால் அது மருந்து. ஓக்ரோனோசிஸ் உள்ள முகத்தில் அதையே 'மங்கு' என்று நினைத்துத் தடவினால் கருமை கூடும், கூடியதைப் பார்த்து இன்னும் தடவுவார்கள். அந்த 82 சதவீதத்தை வைத்துக் கிரீம் வாங்க வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் டெர்மோஸ்கோப்பைக் கன்னத்தில் வைத்தால் கதை மாறும். மங்கில் பழுப்பு நிறம் வலை பின்னியது போல் பரவியிருக்கும். மயிர்க்கால் வாய்கள் மட்டும் அந்த நிறத்துக்குள் சிறு வட்டங்களாக வெளிறித் தப்பித்திருக்கும். ஓக்ரோனோசிஸில் அந்த வட்டங்களே அடைபட்டுப் போயிருக்கும். நீலம் கலந்த சாம்பல் அல்லது கரும்பழுப்பு நிறத்தில் உருண்டைகளும், வளைந்து நெளிந்த புழு வடிவக் கோடுகளும் தெரியும். சந்தேகம் தீராவிட்டால் ஒரு சிறு பயாப்சி, உளுந்தளவு சதை, போதும். நுண்ணோக்கியில் காவி நிற நார்கள் வாழைப்பழ வடிவில் கிடந்தால் விஷயம் முடிந்தது. உங்கள் செல்போன் கேமரா, எவ்வளவு விலையானதாக இருந்தாலும், மயிர்க்கால் வாய் அடைபட்டிருக்கிறதா என்று நம்பும்படி காட்டாது.

இரண்டாவது, லைக்கன் பிளானஸ் பிக்மென்டோசஸ் என்ற நோய். நெற்றியோரம், காதோரம், கழுத்து என்று சாம்பல் கலந்த கருமை படரும். நீங்கள் 'நெற்றியோரத்தில்' என்று எழுதியதால் இது ஞாபகம் வந்தது. மாமியாரின் புருவம் முன்பைவிட மெலிந்திருக்கிறதா? நெற்றியில் முடி தொடங்கும் கோடு பின்னால் போயிருக்கிறதா, முன்னால் தனித்தனியாகச் சில முடிகள் மட்டும் நிற்கின்றனவா? இந்தக் கருமையும் நெற்றி முடியைத் தழும்போடு பின்வாங்கச் செய்யும் இன்னொரு நோயும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருவதை 2013இல் எழுதியதும் டர்பனின் டிலோவாதான். ஏன் சேர்ந்து வருகின்றன என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. ஆனால் சேர்ந்து வருவது உண்மை, நானே பார்க்கிறேன். போன முடி திரும்பாது, அதனால் சீக்கிரம் பிடிப்பது முக்கியம். இங்கே செயலியின் இன்னொரு குறை தெரிகிறது. 'கருமை உள்ள இடத்தை வட்டத்துக்குள் கொண்டுவாருங்கள்' என்று அது கேட்டிருக்கும், நீங்களும் கன்னத்தை மட்டும் காட்டியிருப்பீர்கள். துப்பு புருவத்தில் இருக்கிறது.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். ஹேர் டையில் உள்ள பாரா ஃபினைலின் டையமின் ஒத்துக்கொள்ளாமல் முகத்தோரம் கருப்பது உண்டு. ரத்த அழுத்தத்துக்குத் தரும் ஹைட்ரோகுளோரோதயசைடு மாத்திரை சிலருக்கு வெயில் படும் இடத்தில் தோலைப் பாதிக்கும் (மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் சொன்னால் போதும்). ஸ்டீராய்டு கலந்த கிரீமை மாதக்கணக்கில் தடவி மெலிந்து சிவந்து கருத்த முகங்கள் நிறைய. கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் போல் தடித்துக் கருத்திருந்தால், முகக் கருமையும் இன்சுலின் எதிர்ப்போடு (உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாத நிலை) வந்ததாக இருக்கலாம். இங்குள்ள இந்திய வம்சாவளியினரிடம் சர்க்கரை நோய் மிக அதிகம் என்பதால் ஒரு சர்க்கரைப் பரிசோதனை வீண்போகாது. அப்புறம், மங்காகவே இருக்கவும் நல்ல வாய்ப்பு உண்டு, அது சாதாரணமாக வருவதுதான். தைப்பூசக் காவடி சமயத்தில் டர்பன் வெயிலில் வெறும் தலையோடு நின்று வந்த வாரங்களில் மங்கு கூடி வருபவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். நான் சொல்வது 'மங்கு இல்லை' என்பதல்ல. கன்னத்தின் ஒரு படத்தை வைத்து மங்கு என்று முடிவு கட்ட யாராலும் முடியாது என்பதுதான், என்னாலும்.

இது தன்னடக்கத்துக்குச் சொல்வதல்ல. 2024இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வந்த ஓர் ஆய்வில் 39 நாடுகளின் 389 தோல் மருத்துவர்களுக்கும் 459 பொது மருத்துவர்களுக்கும் படங்களை மட்டும் காட்டி நோயைக் கேட்டார்கள். தோல் மருத்துவர்கள் சரியாகச் சொன்னது 38 சதவீதம், பொது மருத்துவர்கள் 19 சதவீதம். கணினி உதவி சேர்ந்ததும் இரு தரப்பும் முன்னேறினார்கள். ஆனால் பொது மருத்துவர்களிடம் வெளிர் தோலுக்கும் கருந்தோலுக்கும் இடையிலான இடைவெளி குறையாமல் கூடியது. அதாவது, உதவி எல்லோருக்கும் கிடைத்தாலும் பலன் ஒரே அளவில் போய்ச் சேரவில்லை. தேடிய நோய்கள் சுலபமானவை அல்ல, நிஜ மருத்துவமனையில் நாங்கள் தொட்டுப் பார்ப்போம், கேள்வி கேட்போம் என்பதையும் சேர்த்துத்தான் இந்த எண்களைப் படிக்க வேண்டும். படம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரியாது.

அதனால் டிஜிட்டல் வழியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. படத்தோடு வரலாறும் சேர்ந்து, அந்தப் பக்கம் பொறுப்பேற்கும் ஒரு டாக்டர் இருந்தால், தொலைமருத்துவம் இந்த நாட்டுக்குப் பெரிய வரம். தென்னாப்பிரிக்காவில் தோல் மருத்துவர்கள் குறைவு, இருப்பவர்களிலும் பலர் பெரிய நகரங்களில், தனியார் துறையில். உள்ளூர் கிளினிக் டாக்டர் 'வூலா' செயலியில் படமும் குறிப்பும் அனுப்பி, நிபுணரிடம் அதே நாளில் பதில் வாங்குவது இங்கே நடக்கிற காரியம். மேற்கு கேப் மாநிலத்தில் கண் நோய்களுக்காகத் தொடங்கிய அது இப்போது தோல் உட்படப் பல துறைகளுக்கு இருக்கிறது. அது நோயைச் சொல்லும் செயலி அல்ல, டாக்டரோடு டாக்டரை இணைப்பது. உங்கள் கிளினிக் டாக்டர் அதைப் பயன்படுத்துகிறாரா என்று கேளுங்கள். சில மாதக் காத்திருப்பு சில நாளாகக் குறையலாம்.

அப்படி அனுப்பும் படம் உருப்படியாக இருக்க வேண்டும். எனக்கு வருவதில் பாதி, குழல்விளக்கின் கீழ் எடுத்தவை, நம் நிறமே பச்சையாகத் தெரியும். காலையில் ஜன்னலைப் பார்த்து உட்காரச் சொல்லுங்கள், நேர் வெயில் வேண்டாம், அறை விளக்கை அணைத்துவிடுங்கள், ஃபிளாஷ் வேண்டாம். பவுடர், குங்குமம் எல்லாம் துடைத்திருக்கட்டும். தலைமுடியைப் பின்னால் இழுத்துக் கட்டி, நெற்றிக்கோடும் காதும் கழுத்தும் தெரியட்டும். செல்ஃபி கேமராவில் எடுக்காதீர்கள், பல போன்களில் அது கேட்காமலே முகத்தை மெழுகி வெளுத்துவிடும். அந்த அழகூட்டும் அமைப்பு நாங்கள் தேடும் கருமையைத்தான் முதலில் அழிக்கும். பின்பக்கக் கேமராவைத் துணியால் துடைத்து, ஒரு மீட்டர் தள்ளி நின்று, இரண்டு மடங்கு ஜூமில் நேராக ஒன்று, இரு பக்கவாட்டிலும் ஒவ்வொன்று எடுங்கள். கன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டால் பார்க்கிறவருக்கு நிறத்தைச் சரிபார்க்க வசதி. பிறகு கருமைக்கு அருகில் போய் ஒன்று. எடுத்ததைப் பெரிதாக்கிப் பாருங்கள், தோலின் துவாரங்கள் தெரிந்தால் ஃபோகஸ் சரி. வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக இணைத்து அனுப்புங்கள். படமாக அனுப்பினால் சுருக்கிவிடும், எங்களுக்கு வேண்டிய நுணுக்கம் அதில் போய்விடும்.

இப்போது படிவம். ஒன்றை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: ஆராய்ச்சிக்குப் படம் எடுத்தார்கள் என்றால் டாக்டர் பார்த்துவிட்டார் என்று ஆகாது. அந்தப் படத்தை உங்கள் மாமியாரின் நன்மைக்காக யாரும் பார்க்கப் போவதில்லை என்று இருக்கலாம். 'ஏதாவது ஆபத்தானது தெரிந்தால் எங்களுக்குச் சொல்வீர்களா?' என்று நேராகக் கேளுங்கள். ஆராய்ச்சி நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எண் படிவத்தில் இருக்க வேண்டும், மறுத்தால் சிகிச்சையில் எந்த மாற்றமும் இருக்காது என்ற வரியும் இருக்க வேண்டும். இவை இரண்டும் இல்லாத படிவத்தில் கையெழுத்து வேண்டாம்.

அடுத்தது முகம். கையில் உள்ள படையைப் படம் எடுப்பதும் முகத்தை எடுப்பதும் ஒன்றல்ல. கண்ணுக்கு மேல் கறுப்புப் பட்டை போட்டுவிட்டால் அடையாளம் மறைந்துவிடும் என்று பழைய பாடநூல்களில் செய்தார்கள், இன்றைக்கு அது போதாது. கருமை உள்ள பகுதியை மட்டும் வெட்டி வைத்துக்கொள்வார்களா, முழு முகமும் போகுமா, படக் கோப்போடு ஒட்டியிருக்கும் இடம், நேரக் குறிப்புகளை நீக்குவார்களா என்று கேளுங்கள். போபியா என்று இங்கே சொல்லும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2013இல் இயற்றி, 2021 ஜூலையிலிருந்து முழு அளவில் அமலில் இருக்கிறது. உடல்நலத் தகவல் அதில் தனிக் கவனத்துக்குரிய வகை. நாட்டுக்கு வெளியே அனுப்புவதற்கும் அதில் நிபந்தனை உண்டு. ஆகவே படங்கள் எங்கே சேமிக்கப்படும், வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கொடுப்பார்களா, பின்னாளில் வேறொரு ஆய்வுக்கோ விற்பனைக்கான மென்பொருளுக்கோ பயன்படுத்துவார்களா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. விலகும் உரிமையையும் எந்தக் கட்டம் வரை என்று கேளுங்கள். தொகுப்பிலிருந்து படத்தை அழிக்கலாம். ஆனால் ஏற்கெனவே அதைப் பார்த்துப் பயின்றுவிட்ட நிரலிலிருந்து அதன் தடத்தை மட்டும் எடுப்பது நடைமுறையில் மிகக் கடினம். இதை ஒளிக்காமல் சொல்லும் குழுவை நான் நம்புவேன்.

இன்னொரு கேள்வி, யாரும் கேட்பதில்லை, நீங்கள் கேளுங்கள்: 'இந்தப் படத்துக்கு நோயின் பெயரை யார், எதை வைத்து எழுதுவீர்கள்?' படத்தை மட்டும் பார்த்து ஒருவர் பெயர் எழுதினால், தவறான பெயரைத்தான் கணினிக்கு நாம் ஊட்டுகிறோம். டெர்மோஸ்கோப், தேவைப்பட்டால் பயாப்சி, தடவிய கிரீம்களின் வரலாறு எல்லாவற்றையும் சேர்த்து எழுதுகிறார்கள் என்றால் அது நல்ல ஆய்வு. மாமியாருக்கு ஆங்கிலம் வசதிப்படாது என்றால், அவருக்குப் புரியும் மொழியில் யாராவது சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்து. நீங்கள் அவருக்காகப் போடக் கூடாது. அவர் முகம், அவர் முடிவு.

இவ்வளவு எச்சரித்துவிட்டும் போடுவது நல்லது என்கிறேன், ஏனென்றால் மேலே சொன்ன 656 படங்களின் ஆய்வில் கருந்தோல் படங்களைச் சேர்த்ததும் இடைவெளி மூடியது. அப்படிப்பட்ட படங்கள் யாராவது சம்மதித்தால்தான் பெருகும். ஆப்பிரிக்கப் பெண்களின் உச்சந்தலையில் தழும்போடு முடி கொட்டும் நோய்க்கு, 'சடையை இறுக்கிப் பின்னுவதால்' என்று அவர்கள் மேலேயே நீண்ட நாள் பழி போட்டார்கள். 2019இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசி'னில் டிலோவாவும் இஸ்ரேல் ஆய்வாளர்களும், அவர்களில் ஒரு பகுதியினரிடம் பிஏடிஐ3 என்ற மரபணுவில் மாற்றம் இருப்பதைக் காட்டினார்கள். பெண்கள் முன்வந்து கையெழுத்துப் போட்டதால் கிடைத்த அறிவு அது. நம் முகக் கருமையைப் பற்றி இன்னும் தெரியாதது நிறைய. எந்தக் கருமை எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு குறையும் என்பதை நம் தோலிலேயே, ஒழுங்காகப் படம் எடுத்து, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகள் போதுமானதாக இல்லை. கணினி உதவி ஒருநாள் கிளினிக் சிஸ்டருக்கு நிஜமாகவே பயன்படும் என்று நினைக்கிறேன். இது என் எதிர்பார்ப்பு மட்டுமே, நிரூபணம் ஆனதல்ல.

காத்திருக்கும் காலத்தில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மருந்துச்சீட்டு இல்லாமல் வாங்கிய முகக் கிரீம்கள் எதையும் புதிதாகத் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே ஒன்றை மாதக்கணக்கில் தடவி வருகிறார் என்றால் அதைக் கிளினிக்கில் காட்டி, எப்படி நிறுத்துவது என்று கேளுங்கள். ஸ்டீராய்டு உள்ளதைச் சட்டென்று விட்டால் முகம் எரிந்து சிவக்கும். வெயில் காப்பு எந்தக் கருமைக்கும் கெடுதல் செய்யாது: 30 அல்லது அதற்கு மேல் எஸ்பிஎஃப் உள்ள, தோல் நிறச் சாயம் கலந்த சன்ஸ்கிரீன் வாங்குங்கள். அந்தச் சாயத்தில் உள்ள அயர்ன் ஆக்சைடு கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுக்கும், மங்கைக் கூட்டுவதில் அந்த ஒளிக்கும் பங்கு உண்டு. அகன்ற தொப்பியோ குடையோ கூடவே இருக்கட்டும். போகும்போது வீட்டில் உள்ள கிரீம் டியூப், டப்பா, ஹேர் டை பெட்டி, மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். முடிந்தால் மாமியாரைத் தனியாக டாக்டரோடு பேச விடுங்கள். என்ன தடவினோம் என்று மருமகள் எதிரில் சொல்லக் கூச்சப்படுபவர்கள் அதிகம்.

ஒன்றுக்கு மட்டும் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. தனியாக ஒரு புள்ளி மட்டும் வளர்ந்து, ஓரம் கோணலாகி, ரத்தம் கசிந்தால் உடனே காட்ட வேண்டும். உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நம்மைப் போன்ற நிறத்தவருக்கு மெலனோமா புற்று அபூர்வம்தான், ஆனால் வந்தால் அங்கேதான் அதிகம் வரும். பல நகங்களில் மெல்லிய கருங்கோடு இருப்பது நம்மிடம் இயல்பு. ஒரே ஒரு நகத்தில் புதிதாகத் தோன்றி அகலமாகிவரும் கோடு வேறு விஷயம், அதை அந்த வாரமே காட்டுங்கள்.

அந்தக் கிரீம்களின் பெயரும் பெட்டியில் அச்சிட்டிருக்கும் பொருள்களின் பட்டியலும் இங்கே எழுதினால், எதில் எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்கிறேன். மாமியாரின் முகப் படத்தை மட்டும் இந்தப் பொது இடத்தில் போடாதீர்கள்.